சென்னையில் காதுகேளாதோர் மத்தியில் ஊழியம்: புதிதாக வருகிறவர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, யாராவது ஒரு தம்பியோ தங்கையோ பக்கத்தில் வந்து, "எனக்கும் டெஃப் ஊழியத்துல பாரம் இருக்கு, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பதுண்டு. பாரம் இருப்பது நல்லது. ஆனால் அடுத்த சனிக்கிழமையே ஒரு கட்டு கைப்பிரதியோடு கிளம்பிவிட வேண்டாம். அப்படி ஆர்வமாக வந்து, சில மாதம் இருந்து, குழுப்படம் எடுத்துக்கொண்டு காணாமல் போனவர்களை இந்த ஊர்க் காதுகேளாதோர் நிறையவே பார்த்துவிட்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊழியத்தை நடத்த வேண்டியவர்கள் காதுகேளாத விசுவாசிகள்தான். காது கேட்கிற நாம் மொழியைக் கற்றுக்கொண்டு, கூப்பிட்டால் போய் நின்று உதவுகிறவர்கள். இதில் மனம் ஒப்பவில்லை என்றால் சபையில் வேறு வேலைகள் எத்தனையோ இருக்கின்றன.

யாரிடம் போகிறோம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் ஏறக்குறைய 50 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதுகளிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேட்புத்திறன் இழந்தவர்களைக் காதுகேளாதோர் என்கிறது. சான்றிதழுக்கும் சலுகைக்கும் அந்தக் கணக்கு வேண்டும். ஊழியத்துக்கு வருகிறவர் பார்க்க வேண்டியது வேறு: இவர் எந்த மொழியில் வாழ்கிறார்?

சின்ன வயதிலிருந்தே சைகையில் வளர்ந்தவர்கள் ஒரு கூட்டம். பேச்சுப் பயிற்சி பெற்று, உதடு பார்த்துப் பேசுகிறவர்கள் இன்னொரு கூட்டம். அடையாறில் உள்ள பால வித்யாலயா மாதிரியான பள்ளிகளில் படித்தவர்கள் பலர் இப்படித்தான். காய்ச்சலிலோ விபத்திலோ நடுவயதில் கேட்புத்திறன் போனவர்களுக்குத் தமிழ்தான் தாய்மொழி. எழுதிக் காட்டினாலே போதும். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில், உள்காதில் வைக்கிற காக்ளியர் கருவி பொருத்திக்கொண்ட பிள்ளைகள் இப்போது வளர்ந்து வருகிறார்கள்; அவர்களில் சிலர் பேசுவார்கள், சிலர் பேச்சு, சைகை இரண்டும் செய்வார்கள். இத்தனை பேரையும் ஒரே பாயில் உட்கார வைக்க முடியாது. நான் இங்கே சொல்வது சைகையில் வாழ்கிறவர்களைப் பற்றி.

கூப்பிடும் சொல்லிலும் கவனம் வேண்டும். பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் 'செவிடன்', 'ஊமையன்' என்று இருக்கிறது; அதை மேடையில் அப்படியே வாசித்துவிட்டுப் பக்கத்தில் சைகை செய்கிறவரைத் திண்டாட விடுகிற போதகர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாசிக்கும் இடத்தில் வாசியுங்கள், சொந்த வாயால் சொல்லும்போது 'காதுகேளாதோர்' என்று சொல்லுங்கள். அவர்களே தங்களுக்குள் 'டெஃப்' என்றும் நம்மை 'ஹியரிங்' என்றும்தான் சைகை செய்வார்கள்.

ஏற்கெனவே நடந்து வந்த பாதை

சுவிசேஷத்தை முதல்முதலாக நாம்தான் கொண்டுபோகிறோம் என்ற நினைப்பு சென்னையில் செல்லாது. தென்தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அம்மா 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. சென்னையில் சாந்தோமில் சி.எஸ்.ஐ. காதுகேளாதோர் பள்ளி, கதீட்ரல் சாலைப் பக்கம் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட், அடையாறில் மான்ட்ஃபோர்ட் சகோதரர்களின் செயின்ட் லூயிஸ் பள்ளி. நீங்கள் சந்திக்கப்போகும் நாற்பது வயதுக்காரர் இவற்றில் ஒன்றில் படித்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர் கிறிஸ்மஸ் நாடகத்தில் மேய்ப்பனாக நடித்திருப்பார். நோவா பேழை அவருக்குத் தெரியும். உங்களைவிட நன்றாகவே சொல்வார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கிவிட்டு வாய்ப்பேச்சில்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் தாக்கம் உலகம் முழுக்கப் பரவியது. வகுப்பில் கையை அசைத்ததற்கு அடி வாங்கிய தலைமுறைகள் உண்டு. பள்ளியையும் சபையையும் பற்றிப் பேசும்போது ஒருவர் முகம் சட்டென்று இறுகினால் தோண்டித் துருவாதீர்கள். பழக்கமான பிறகு அவரே சொல்வார்.

காதுகேளாதவரே ஊழியராக இருப்பதும் புதிதல்ல. ஆண்ட்ரூ ஃபாஸ்டர் என்ற கறுப்பின அமெரிக்கர் பிள்ளைப் பருவத்தில் கேட்புத்திறன் இழந்தவர். அமெரிக்காவில் காதுகேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரியில் 1954இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1957இல் கானாவுக்குப் போய்ப் பள்ளி தொடங்கினார். 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறக்கும்வரை ஆப்பிரிக்காவில் பதின்மூன்று நாடுகளில் முப்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளை ஏற்படுத்தினார். நமக்குப் பக்கத்திலேயே, 2024 மே மாதம் திருச்சூரில் ஜோசப் தெர்மடம் என்ற காதுகேளாதவர் கத்தோலிக்கக் குருவாக அருட்பொழிவு பெற்றார். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டு பேரையாவது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 'பாவம், அவங்களால என்ன முடியும்' என்று சபைக் கமிட்டியில் யாராவது ஆரம்பித்தால் பயன்படும்.

மொழி

இதில்தான் உங்கள் முதல் ஒரு வருடம் போகும். போகட்டும்.

இந்தியச் சைகை மொழி என்பது தமிழைக் கையால் காட்டுவது இல்லை. தனி இலக்கணம் உள்ள மொழி. யூடியூபில் கண்ணில் படும் அமெரிக்கச் சைகையைக் கற்றுக்கொண்டு வந்து நிற்காதீர்கள். அங்கே எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், இங்கே இரண்டு கையாலும். கேள்விச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். புருவம், தலையசைப்பு, தோளின் சாய்வு எல்லாமே இலக்கணத்தில் சேர்த்தி. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினால், நீங்கள் கேள்வி கேட்கிறீர்களா, செய்தி சொல்கிறீர்களா என்பதே எதிரில் இருப்பவருக்குப் புரியாது. கூச்சம் உள்ளவர்கள் முதலில் கழற்றிவைக்க வேண்டியது அந்தக் கூச்சத்தைத்தான்.

எங்கே கற்பது? டெல்லியில் 2015இல் அமைக்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் இணையத்தில் இலவசமாக ஒரு அகராதி வைத்திருக்கிறது. 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கியது, 2021இல் 10,000 சொற்களை எட்டியது. மத்திய அரசின் கல்வித் தொலைக்காட்சியான பிஎம் இ-வித்யாவில் 31ஆம் எண் அலைவரிசை 2024 டிசம்பரிலிருந்து சைகை மொழிக்கென்றே ஓடுகிறது. இவை வீட்டுப்பாடத்துக்கு நல்லவை. ஆனால் டெல்லிச் சைகைக்கும் சென்னைச் சைகைக்கும் நிறையச் சொற்களில் வேறுபாடு உண்டு. கிழமை, உணவு, ஊர்ப் பெயர் போன்ற அன்றாடச் சொற்களிலேயே உங்கள் கை ஒன்று காட்டும், அவர்கள் கை ஒன்று காட்டும். அகராதியில் இருப்பதுதான் சரி என்று அவர்களிடம் வாதாடுகிற புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேடிக்கைதான்.

ஆகவே சென்னைக்காரரான ஒரு காதுகேளாதவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பணம் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கணக்குப் பார்க்காமல் கட்டுகிறோம். சைகை மட்டும் அன்பின் பேரில் ஓசியில் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், நடுவில் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு, இப்படித் தொடர்ந்தால் ஒரு வருடத்தில் சாதாரணப் பேச்சுக்கு ஈடுகொடுக்கலாம். பிரசங்கத்தை மொழிபெயர்க்க இன்னும் பல வருடம் வேண்டும். யாராவது மூன்று மாதத்தில் மேடையேற்றினால் மறுத்துவிடுங்கள்.

ஊழியச் சொற்களுக்கும் இதே வழிதான். இயேசுவுக்கு, நடுவிரலால் எதிர்க்கையின் உள்ளங்கையைத் தொட்டு, பிறகு கை மாற்றித் தொடுவது பரவலாக வழங்குகிற சைகை. ஆணி பாய்ந்த இடம். பரிசுத்த ஆவி, ஞானஸ்நானம், திருவிருந்து போன்றவற்றுக்குக் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். நீங்கள் போகும் கூட்டத்தில் எது வழக்கமோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சொந்தமாகச் சைகை உண்டாக்குகிற வேலை மட்டும் வேண்டாம். அது அவர்கள் மொழி, அவர்கள் உண்டாக்குவார்கள்.

உங்களுக்கும் ஒரு சைகைப் பெயர் வரும். அதை அவர்கள்தான் வைப்பார்கள். கன்னத்து மச்சமோ, அடிக்கடி கண்ணாடியை ஏற்றிவிடும் பழக்கமோ பெயராகிவிடும். பெயர் அழகாக இல்லை என்று பேரம் பேச முடியாது.

பழகும் முறை

கூப்பிட வேண்டுமென்றால் தோளில் லேசாகத் தட்டலாம், எதிரில் கையசைக்கலாம், கூடம் நிறைய ஆள் இருந்தால் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடலாம். பின்னாலிருந்து தலையில் தட்டுவது, கன்னத்தைப் பிடித்துத் திருப்புவது இதெல்லாம் கூடாது. பேசும்போது கண்ணை எடுக்காதீர்கள். நடுவில் போன் வந்து தலையைக் குனிந்தால், எதிரில் இருப்பவருக்கு நீங்கள் காதைப் பொத்திக்கொண்ட மாதிரி. இரண்டு பேர் சைகையில் பேசும்போது நடுவில் போக வேண்டியிருந்தால் சட்டென்று கடந்து போய்விடுங்கள். "எக்ஸ்கியூஸ் மீ" சொல்ல நின்றால்தான் அவர்கள் பேச்சு அறுபடும்.

ஜெபம் ஒரு நல்ல உதாரணம். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றால் அங்கே ஜெபமே நின்றுவிடும். கண் திறந்துதான் இருக்கும். நடத்துகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டேதான் ஆமென் சொல்வார்கள்.

கூட்டம் முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். வாரம் முழுக்க வேலையிடத்திலும் வீட்டிலும் பேச ஆளில்லாமல் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் வாய் திறக்கிற நேரம். வாசலில் நின்று பேசுவார்கள், பஸ் ஸ்டாப்பில் பேசுவார்கள், எதிரெதிர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு ரயில் வரும்வரை பேசுவார்கள். உங்கள் மொழி தேறுவதும் அங்கேதான்.

எங்கே சந்திப்பது

ஏற்கெனவே நடக்கிற ஐக்கியத்தைத் தேடிப் போங்கள். சென்னையில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பக்கமும் காதுகேளாதோருக்கான ஆராதனைகளோ சைகை மொழிபெயர்ப்போடு கூடிய ஆராதனைகளோ நடக்கின்றன. உங்கள் மறைமாவட்ட அல்லது திருமண்டல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். நாற்காலி எடுத்துப் போடுங்கள், டீ ஊற்றுங்கள். உங்கள் சபையில் புதிதாக ஒன்று தொடங்கி, இங்கே வருகிற இருபது பேரில் பத்துப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போவதற்குப் பெயர் சுவிசேஷம் இல்லை.

பள்ளி வாசலில் போய் நிற்கவே கூடாது. பிள்ளைகளைச் சந்திக்க வேண்டுமென்றால் பள்ளி நிர்வாகத்தின் எழுத்துமூலமான அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறையுடைய மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உண்டு, அவர்கள் வயது வந்தவர்கள், ஆனாலும் வளாகத்துக்குள் ஊழியம் என்று நுழைவது முறையில்லை. செப்டம்பர் 23 உலகச் சைகை மொழி நாள்; அந்த மாதக் கடைசியில் காதுகேளாதோர் வாரம் வரும். சங்கங்கள் ஊர்வலம், விளையாட்டுப் போட்டி நடத்தும். அதற்குப் போங்கள், ஆனால் பிரதி கொடுக்கப் போகாதீர்கள். கைதட்டப் போங்கள். கைதட்டு என்றால் இரண்டு கையையும் மேலே தூக்கி மணிக்கட்டைச் சுழற்றுவது, அது தெரிந்திருக்கட்டும்.

வீட்டுக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். பெரும்பாலான காதுகேளாதவர்களின் பெற்றோருக்குக் காது கேட்கும். அதில் நிறையப் பேருக்குச் சைகை வராது. 'சாப்பிடு', 'தூங்கு', 'கடைக்குப் போ' என்ற அளவில்தான் பேச்சு இருக்கும். நீங்கள் போய் அரை மணி நேரம் அவர் மகனோடு சரளமாகப் பேசுவதைப் பார்த்தால் அந்த அம்மா முதலில் ஆச்சரியப்படுவார், அப்புறம் கொஞ்சம் சந்தேகப்படுவார். "என்ன சொல்றான்?" என்று கேட்பார். அங்கே ஒரு பொறி இருக்கிறது. மகன் உங்களிடம் சொன்னதை அவன் சம்மதம் இல்லாமல் அம்மாவிடம் சொல்லாதீர்கள். "நீங்களே கேளுங்கம்மா, நான் கை கொடுக்கிறேன்" என்று சொல்லி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துவிடுங்கள். அந்த வீட்டில் பல வருடமாக நடக்காத ஒரு பேச்சு அன்றைக்கு நடக்கலாம். இயேசுவின் பெயரை நீங்கள் எடுக்கவே இல்லை என்றாலும் பரவாயில்லை.

வேதத்தைச் சொல்லும் விதம்

கைப்பிரதியோடு கிளம்ப வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது: சைகையில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. வேற்றுமை உருபு, வினைமுற்று, அதிலும் 'ஆகையால்', 'இருக்கக்கடவது' போன்ற பழைய வேதாகமத் தமிழ், இதெல்லாம் காதால் கேட்டுப் பழகியவர்களுக்கே முட்டும். எழுத்து வேண்டும் என்று அவர்களே கேட்டால் எளிய தமிழில் உள்ள ஈஸி டு ரீட் மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் அந்த மொழிபெயர்ப்பு முதலில் காதுகேளாத வாசகர்களுக்காகவே செய்யப்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆனால் முதலிடம் காணொளிக்குத்தான். உலகத்திலேயே முழு வேதாகமமும் ஒரு சைகை மொழியில் வந்தது 2020இல்தான். அமெரிக்கச் சைகை மொழியில். இந்தியச் சைகை மொழியிலும் வேதப்பகுதிகள் காணொளிகளாக வந்திருக்கின்றன. டோர் இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகளில் காதுகேளாத மொழிபெயர்ப்பாளர்களே அந்த வேலையைச் செய்கிறார்கள். போனில் இறக்கி வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் பாருங்கள். கூட்டத்தில் அவர்களோடு சேர்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் விளக்கவுரை ஆரம்பிக்க வேண்டாம். "நீங்கள் திரும்பச் சொல்லுங்கள்" என்று ஒருவரை முன்னால் கூப்பிடுங்கள்.

கெட்ட குமாரன் கதையை ஒரு பெயிண்டர் அண்ணன் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இளையவன் பணத்தை எண்ணும்போது விரலை நாக்கில் தொட்டு எண்ணுகிறான். பன்றிகளிடம் வந்ததும் அவரே பன்றியாகிவிடுகிறார். மூக்கு சுருங்கி, தலை தொட்டியில் இறங்கி, மறு நிமிடம் அதே தொட்டியை எச்சில் விழுங்கிப் பார்க்கிற பையன். அப்புறம் தகப்பன். மொட்டைமாடியில் நிற்கிற மாதிரி புருவத்துக்கு மேல் கை வைத்துப் பார்க்கிறார். யாரும் இல்லை. கை இறங்குகிறது. மறுநாள் மறுபடி. தாடி நீண்டுவிட்டது. மறுபடி. கடைசியில் ஒரு விரல் நுனி தூரத்தில் தெரிகிறது, அது மகன். தகப்பனின் வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடுகிற ஓட்டத்தில் முன்வரிசை ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். லூக்கா 15ஐ அதற்குமேல் நான் என்ன விளக்க?

கதை இருக்கிற இடத்தில் இப்படிப் பிரச்சினையே இல்லை. ரோமர் நிருபத்தின் 'நீதிமானாக்கப்படுதல்' மாதிரி இடங்களில்தான் கை தடுமாறும். அதைக் கடன் மன்னிக்கப்பட்ட ஒருவனின் கதையாக, நீதிமன்றத்தில் நிற்கிற ஒருவனின் கதையாக மாற்றித்தான் சொல்ல வேண்டும். எந்தக் கதை பொருந்தும் என்பதைக் கூட்டத்தில் மூத்தவர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள்.

அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். சாமுவேலைக் கர்த்தர் இரவில் கூப்பிட்டார் என்றால், "நான் அங்கே படுத்திருந்தால் எப்படிக் கூப்பிட்டிருப்பார்?" என்று கேட்பார்கள். ரோமர் 10:17இல் விசுவாசம் கேள்வியினால், அதாவது காதால் கேட்பதால், வரும் என்று இருக்கிறதே, அப்போது எங்களுக்கு? இந்த வசனத்தைக் காட்டிக் காதுகேளாதோரை ஒதுக்கிவைத்த சபை வரலாறு நிஜமாகவே உண்டு. அதை மழுப்ப வேண்டாம். பவுல் அங்கே பேசுவது செய்தி எட்டுவதைப் பற்றி, எந்த உறுப்பு வழியாக எட்டுகிறது என்பதைப் பற்றி அல்ல என்று நான் சொல்வேன். சிலர் ஏற்பார்கள், சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அதுவும் சரி.

சுகமளிக்கும் கூட்டங்கள்

இதைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. சென்னையில் மைதானம் மைதானமாகச் சுகமளிக்கும் கூட்டங்கள் நடக்கின்றன. சின்ன வயதில் பெற்றோரால் அப்படி மேடைக்கு இழுத்துப் போகப்பட்டு, காதில் விரலை விட்டு, 'அம்மா சொல்லு, அப்பா சொல்லு' என்று மைக்கை வாயில் வைக்கப்பட்டவர்கள் நிறையப் பேர். வீட்டுக்கு வந்ததும் 'உனக்கு விசுவாசம் போதவில்லை' என்ற பேச்சு. அந்த மேடைக்குப் பிறகு சபைப் பக்கமே வராதவர்கள் இருக்கிறார்கள்.

கடவுள் சுகமாக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் தனக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் ஜெபியுங்கள். கேட்காதபோது காதில் கை வைக்காதீர்கள். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் காதுகேளாத ஒரு மனிதனை இயேசு முதலில் கூட்டத்தைவிட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போனார். பிறகு காதைத் தொட்டார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்தார். அதாவது என்ன செய்யப்போகிறார் என்பதை அவனுக்குத் தெரிகிற விதத்தில் கையாலும் கண்ணாலும் சொன்னார். காது கேட்கிற பிரசங்கியார்கள் 'எப்பத்தா' ('திறக்கப்படு') என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறார்கள். காதுகேளாதவர்கள் இந்தப் பகுதியைப் பார்க்கும்போது நிற்கிற இடம் அந்தத் தனிமைதான். வேடிக்கை பார்க்க ஆளில்லாத இடத்துக்கு அவர் கூட்டிப் போனது.

சபையில் மொழிபெயர்ப்பு

உங்கள் சபை ஆராதனைக்குச் சைகை மொழிபெயர்ப்பு ஏற்பாடு செய்வதானால் சில விஷயங்கள். மொழிபெயர்ப்பாளர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. பத்து மணி வெயிலில் அவர் வெறும் நிழலாகத்தான் தெரிவார். எல்.ஈ.டி. திரையும் அப்படித்தான். அவர் மேல் விளக்கு விழ வேண்டும், பாட்டு நேரத்தில் அரங்க விளக்கை அணைக்கிற புது மோஸ்தர் இங்கே உதவாது. கோடும் பூவும் இல்லாத, தோல் நிறத்திலிருந்து வேறுபட்ட ஒரே நிறச் சட்டை. பிரசங்கியார் பக்கத்திலேயே நின்றால் இருவரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். தூணுக்குப் பின்னால் ஒரு மூலையில் ஒதுக்கிவிடாதீர்கள்.

பிரசங்கக் குறிப்பும் பாட்டுப் பட்டியலும் சனிக்கிழமைக்குள் அவர் கைக்கு வர வேண்டும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அதற்குமேல் ஒரே ஆள் நின்றால் கையைவிட மூளை முதலில் களைத்துவிடும். போதகர் ஐயா வேகமாகப் பேசுகிறவர் என்றால் அதை அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். பாட்டைச் சொல்லுக்குச் சொல் சைகை செய்தால் ஒருவருக்கும் ஒட்டாது. காதுகேளாதவர்களே அமைத்த பாட்டு, கையின் தாளத்தோடும் டிரம்மின் அதிர்வோடும் போவது, பார்க்கவே வேறு மாதிரி இருக்கும்.

இருந்தாலும் மொழிபெயர்ப்பு என்பது இரண்டாம்தரம்தான். கேட்கிறவர்களின் ஆராதனையை அவர்கள் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்க்கிறார்கள். சபைக் கட்டடத்தில் ஞாயிறு மதியம் ஒரு அறையைத் திறந்துவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அவர்கள் நடத்தட்டும் என்று விட்டால் அதுதான் ஆராதனை. அங்கே உங்களுக்குப் புரியாத இடத்தில் நீங்கள்தான் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் இல்லாததால் எதுவும் செய்யலாம் என்று ஆகாது. வேலை வாங்கித் தருகிறேன், காதுக் கருவி வாங்கித் தருகிறேன், ஆராதனைக்கு வா என்பது பச்சையான பேரம். காதுகேளாதவர்களுக்கு வேலையும் மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொண்டே அதைச் செய்வது இன்னும் மோசம்.

உதவி செய்யலாம், செய்யவும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேச, பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போக ஆள் கேட்பார்கள். இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் போங்கள், போன இடத்தில் பிரசங்கம் பண்ணாதீர்கள். போலீஸ் நிலையம், நீதிமன்றம் என்றால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் போக வேண்டும். அரைகுறைச் சைகையால் ஒருவர் வாக்குமூலம் தலைகீழாகிவிடும். இப்படிப் போன இடங்களில் கேட்டது எதையும், ஜெபக் குறிப்பு என்ற பெயரில்கூட, வெளியே சொல்லக் கூடாது. இந்தச் சமூகம் சிறியது. தாம்பரத்தில் சொன்னது அன்று ராத்திரிக்குள் திருவொற்றியூர் வரை வீடியோ காலில் போய்விடும்.

பிள்ளைகள் இருக்கிற கூட்டத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு. நடந்ததைச் சொல்ல மொழி இல்லாத பிள்ளையைத்தான் தவறு செய்கிறவன் தேடுவான். சந்தேகம் வந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது உங்கள் கடமை. சபை மூப்பர்கள் கூடிப் பேசி முடித்துவிடுவோம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படம், வீடியோ: கேட்டுவிட்டு எடுங்கள், எங்கே போடப்போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். முகத்தில் சோகம் தெரிகிற படத்தைப் பொறுக்கியெடுத்துக் காணிக்கை அறிக்கையில் போடுகிற வழக்கத்தை அவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பணம், பொறுப்பு

ஐக்கியம் ஓரளவு நிலைத்ததும் கமிட்டி என்று ஒன்று அமையும். அதில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் காதுகேளாதவர்களாக இருக்கட்டும். வங்கிக் கணக்கு அவர்கள் பெயரில் திறக்கும் நாளில் கிளைக்குக் கூடவே போய் மொழிபெயர்த்துக் கொடுங்கள்; மேலாளர் உங்களைப் பார்த்தே பேசுவார், பொருளாளரைக் கை காட்டி அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். கையெழுத்து அதிகாரம் உங்களுக்கு வேண்டாம். வேதாகமக் கல்லூரிக்கோ குறுகிய காலப் பயிற்சிக்கோ யாரை அனுப்பலாம் என்று பேச்சு வந்தால், மொழிபெயர்ப்பாளர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கட்டணத்துக்கு மட்டும் பணம் திரட்டி அனுப்பிவிட்டு, போன இடத்தில் அவர் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும்படி விடுவது நிறைய நடக்கிறது.

உங்களுக்கு வேலை மாற்றலாகி வேறு ஊர் போவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பு முறைப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே வேறு யாரைப் போடுவது என்று அவர்கள் முடிவு செய்ய அந்த அவகாசம் வேண்டும்.